ஆட்டுக்கும் நாய்க்கும் கிழங்கு கொடுக்கலாமா?



நாம் வாழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீடுகளின் பின்புறத்தை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். ஒரு கோழிக் கூண்டு, ஓர் ஆட்டுக் கொட்டகை, சில வீடுகளில் ஒரு பசு. சுற்றிலும் நாலு வாழை, ஒரு முருங்கை, ஒரு வரிசை மரவள்ளி. பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் ஆனாலும், தெலுக் இந்தான் ஆனாலும், பாகான் டத்தோ ஆனாலும் இந்தக் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தாய்க்கு அடுத்த வேலை ஆட்டுக்குத் தழை தேடுவது. சம்பளப் பணம் கடைக் கணக்குக்குப் போய்விடும். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கும் தீபாவளித் துணிக்கும் ஆடு விற்ற பணம்தான் கைகொடுக்கும்.

இன்று அந்தத் தோட்டங்களில் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. நம் குடும்பங்களில் பல, ஈப்போவைச் சுற்றியுள்ள தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்துவிட்டன. பசு நின்ற இடத்தில் இப்போது ஒரு நாய் படுத்திருக்கிறது. ஆட்டுக் கொட்டகைக்குப் பதில் பிள்ளைகளின் முயல் கூண்டு இருக்கிறது. ஆனால், சமையலறையில் மிஞ்சியதை வாயில்லாப் பிராணிக்குப் போடும் பழக்கம் மட்டும் மாறவில்லை. அது நல்ல பழக்கந்தான். வீண் போகாமல் ஓர் உயிர் பசியாறுகிறது. ஆயினும், கிழங்கு வகைகளில் அந்த நல்ல பழக்கமே ஆபத்தாக முடிவதுண்டு. அது ஏன், எப்படித் தவிர்க்கலாம் என்பதைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

ஒரு வீட்டில் நடப்பதைப் பாருங்கள். மாலைப் பசியாறலுக்கு மரவள்ளிக் கிழங்கு அவிக்கலாம் என்று அம்மா கிழங்கை உரிக்கிறார். தோல் ஒரு வாளி நிறையச் சேர்கிறது. செடியைப் பிடுங்கியதால் கொழுந்தும் தழையும் ஒரு கட்டு கிடக்கிறது. காலையிலிருந்து கட்டிக் கிடக்கும் ஆடு கத்துகிறது. பையன் வாளியையும் தழைக் கட்டையும் கொண்டுபோய் அதன் முன் போடுகிறான். ஆடு ஆவலோடு தின்கிறது. வீட்டார் கிழங்கு தின்று முடிப்பதற்குள் ஆடு கீழே விழுந்து கிடக்கிறது. வாயில் நுரை, கால்கள் உதறுகின்றன, சிறிது நேரத்தில் உயிர் போய்விடுகிறது.

அதன்பிறகு என்ன பேசுகிறோம்? பாம்பு தீண்டிவிட்டது என்கிறார் ஒருவர். கண் பட்டுவிட்டது என்கிறார் இன்னொருவர். அடுத்த வீட்டுக்காரர் களைக்கொல்லி மருந்தை வைத்துவிட்டார் என்று மூன்றாமவர் சொல்ல, இரண்டு குடும்பங்கள் வருடக்கணக்கில் முகம் பார்த்துப் பேசாமல் போகின்றன. உண்மையில் அந்த ஆட்டைக் கொன்றது யாருடைய பகையும் அல்ல. நாம் அன்போடு போட்ட வாளித் தோல்தான் அதைக் கொன்றது.

"அதே கிழங்கை நாங்களும்தான் தின்றோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் தின்றது உரித்து, வெட்டி, கழுவி, வேகவைத்து, தண்ணீரை வடித்த கிழங்கு. ஆடு தின்றது பச்சைத் தோலும் பச்சைத் தழையும். நஞ்சு அதிகமாகத் தங்கியிருப்பது அந்த இரண்டில்தான்.

மரவள்ளியில் லினமாரின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அதே செடியில், அதனோடு சேராமல் தனியாக, ஒரு நொதியும் இருக்கிறது. ரப்பர்ப் பாலும் ஆசிட்டும் தனித்தனியே இருக்கும்வரை பால் பாலாகவே இருக்கிறது. இரண்டையும் கலந்தவுடன் உறைகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். கிழங்கை வெட்டும்போதும் தழையை மெல்லும்போதும் இரண்டும் ஒன்று சேர்கின்றன. அப்போது பிறப்பதுதான் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நஞ்சு. அது உடம்பில் புகுந்தால் இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடம்பால் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாது. கடை நிறையச் சரக்கு இருந்தும் கதவு பூட்டியிருந்தால் நமக்கு என்ன பயன்? அந்த நிலைதான். ஆகவேதான் இந்த நஞ்சு ஏறிய ஆட்டின் ஈறும் கண்ணின் உட்புறமும் முதலில் வழக்கத்தைவிடச் செக்கச் சிவந்து காணப்படும்.

இங்கே நமக்குத் தெரியவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. நம் குடும்பங்களுக்குச் சோறு போட்ட ரப்பர் மரமும் மரவள்ளியும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. இரண்டிலும் கீறினால் பால் வரும். 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் மிஞ்சிய ஒரு மரம் அந்த ஊரில் பேணிக் காக்கப்பட்டு வருகிறது. அந்த மரத்தின் இலையிலும் விதையிலும்கூட இதே லினமாரின் இருக்கிறது. எனவே ரப்பர்க் காட்டில் வெடித்துச் சிதறும் விதைகளைப் பொறுக்கி, பச்சையாக ஆட்டுக்கோ கோழிக்கோ போடக்கூடாது. உறவினர் இருவருக்கும் குணம் ஒன்றே என்று நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஆடும் மாடும் இந்த நஞ்சுக்கு மற்றப் பிராணிகளைவிட எளிதில் ஆளாகின்றன. அசை போடும் பிராணியின் பெரிய இரைப்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. புல்லைச் செரிக்க உதவும் அதே நுண்ணுயிர்கள் லினமாரினையும் விரைவாக உடைத்து நஞ்சை வெளிப்படுத்திவிடுகின்றன. ஆட்டின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 2 மில்லிகிராம் சயனைடு ஒரேயடியாகச் சேர்ந்தால் உயிர் போகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு 40 மில்லிகிராம். கசப்பு மரவள்ளித் தோல் ஒரு கிலோவில் 400 மில்லிகிராம் நஞ்சுக்கு இடமிருந்தால், 100 கிராம் தோலே போதும். அதாவது ஒரு கையளவு.

"எங்கள் ஆடு பல வருடமாக மரவள்ளி இலையைக் கடிக்கிறதே" என்று சொல்வோரும் உண்டு. அதுவும் உண்மைதான். மேய்ந்துகொண்டே போகும் ஆடு இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி என்று தின்கிறது. சிறிது சிறிதாக உள்ளே போகும் நஞ்சை அதன் ஈரல் மாற்றி வெளியேற்றிவிடும். கட்டிக் கிடந்து பசித்த ஆடு வாளித் தோலை ஒரே மூச்சில் தின்னும்போதுதான் ஈரலால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அதோடு செடிக்குச் செடி நஞ்சின் அளவும் வேறுபடும். இளங் கொழுந்தில் முற்றிய இலையைவிட அதிகம். வறட்சியில் வாடிய செடியிலும், வெட்டியபின் புதிதாகத் துளிர்த்த தளிரிலும் அதிகம். ஆகவே போன மாதம் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த மாதத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

மரவள்ளியில் இனிப்பு வகை, கசப்பு வகை என்று இரண்டு உண்டு. நம் நாட்டில் மாவு ஆலைகளுக்காகப் பயிரிடப்பட்ட பிளாக் டுவிக் போன்றவை கசப்பு வகை. மேடான் போன்றவை அவித்துத் தின்னவும் பொரிக்கவும் ஏற்றவை. இனிப்பு வகையின் சதையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கும் குறைவாகவே நஞ்சு இருக்கும்; கசப்பு வகையில் அதைப்போல் பல மடங்கு இருக்கலாம். ஆனால் இனிப்பு வகையிலும் தோலும் தழையும் நம்பத் தக்கவை அல்ல. யாரோ கொடுத்த குச்சியை நட்டு வளர்த்த செடி எந்த வகை என்று இலையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எனவே எல்லாவற்றையும் கசப்பு வகை என்று எண்ணிப் பக்குவம் செய்வதே அறிவுடைமை.

பக்குவம் ஒன்றும் பெரிய வித்தை அல்ல. நம் பாட்டிமார்களுக்கு அது தெரியும். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் தோட்டத்து மக்கள் மரவள்ளியைத் தின்றே உயிர் பிழைத்தார்கள். அந்தத் தலைமுறைக்குக் கிழங்கின் குணம் அனுபவத்தில் வந்த பாடம். லயங்களை விட்டுப் புறப்பட்டபோது சட்டி பானைகளைக் கட்டி எடுத்துக்கொண்ட நாம், இந்தப் பாடத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

முதலில் கிழங்கைப் பார்ப்போம். வெளியே உள்ள பழுப்புத் தோலை மட்டுமல்ல, அதற்கு அடியில் இருக்கும் தடித்த வெள்ளைத் தோலையும் சேர்த்து உரிக்க வேண்டும். கிழங்கைச் சிறு துண்டுகளாக வெட்டி, நிறையத் தண்ணீரில் சற்று நேரம் ஊற வைக்க வேண்டும். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிய பச்சைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கும் நீரில் போடக்கூடாது. ஏனென்றால், மெல்லச் சூடேறும்போதுதான் நொதி வேலை செய்து நஞ்சைப் பிரிக்கும். பிரிந்த நஞ்சு ஆவியாகப் போகும். கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும், லினமாரின் உள்ளேயே தங்கிவிடும். பாத்திரத்தை மூடாமல் நன்றாக வேகவிட்டு, வடித்த நீரைத் தூர ஊற்றிவிட வேண்டும். அந்த நீரைக் கழுநீர்ப் பானையில் சேர்த்து மாட்டுக்கு வைக்கக்கூடாது. கிழங்கிலிருந்து வெளியே வந்த நஞ்சைத் திரும்பவும் மாட்டுக்கே கொடுத்ததாகிவிடும்.

அடுத்து, தோலும் தழையும். இவற்றை எறிந்துவிட வேண்டுமா? தேவையில்லை. மரவள்ளித் தழை சத்து மிகுந்தது. உலர்ந்த தழையில் நூற்றுக்கு 20 பங்குக்கும் மேல் புரதம் உண்டு. தாய்லாந்தில் இதை உலர்த்திக் கறவை மாடுகளுக்குத் தீவனமாகக் கொடுக்கிறார்கள். தமிழகத்தில் சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் மாவு எடுத்தபின் மிஞ்சும் திப்பியையும் உலர்த்தித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். இங்கெல்லாம் சூத்திரம் ஒன்றுதான்: நறுக்கு, பரப்பு, உலர்த்து. ஹைட்ரஜன் சயனைடு 26 பாகை வெப்பத்திலேயே ஆவியாகக்கூடியது. ஈப்போவின் நண்பகல் வெயில் அதற்குத் தாராளமாகப் போதும். தழையையும் தோலையும் சிறிதாக நறுக்கி, சிமெண்டுத் தரையிலோ பழைய சாக்கிலோ மெல்லிதாகப் பரப்பி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். பாதி வாடிய தழை, பச்சைத் தழையைவிட நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. வாடும்போதுதான் நஞ்சு பிரிந்துகொண்டிருக்கும். மழைக்காலத்தில் காயவைக்க முடியாவிட்டால், கொடுக்காமல் இருப்பதே மேல். காய்ந்ததையும் புல்லோடு கலந்து சிறிதளவே கொடுத்துப் பழக்க வேண்டும்.

பிடுங்கி இரண்டு மூன்று நாளான கிழங்கை வெட்டினால் உள்ளே கருநீலக் கோடுகள் ஓடியிருக்கும். அது கெடத் தொடங்கிய கிழங்கு. "நமக்கு ஆகாது, நாய்க்குப் போடு" என்பது நம்மிடையே வழங்கும் பேச்சு. நமக்கு ஆகாதது நாய்க்கும் ஆகாது.

இந்த உண்மை சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இன்னும் பொருந்தும். நல்ல சர்க்கரைவள்ளி மிகப் பாதுகாப்பான கிழங்கு. அதன் கொடியும் இலையும் ஆட்டுக்கும் முயலுக்கும் நல்ல பசுந்தீவனம். ஆனால் பூசணம் பிடித்து, கரும்புள்ளி விழுந்து, கசப்பேறிய கிழங்கில் நுரையீரலைத் தாக்கும் ஒரு நஞ்சு உண்டாகிறது. 1969ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இத்தகைய பூசணக் கிழங்கைத் தின்ற மாடுகள் மூச்சு முட்டி மாண்டன. வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. எனவே மார்க்கெட்டில் கழித்துப் போட்ட சர்க்கரைவள்ளியை மூட்டையாக வாங்கி வந்து மாட்டுக்குக் கொட்டுவது தவறு.

சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு இவற்றின் குணம் வேறு. சரியாக வேகாத கருணை நாக்கை அரிக்கும் என்பதும், அதனால்தான் புளி விட்டுச் சமைக்கிறோம் என்பதும் நமக்குத் தெரியும். அதில் ஊசிபோன்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. பச்சைக் கிழங்கையோ தண்டையோ நாய்க்குட்டி கடித்துவிட்டால் நாக்கு வீங்கும், வாயில் எச்சில் ஒழுகும், தண்ணீர்கூட இறங்காது. மலாய்க்காரர்கள் கெலாடி என்று சொல்லும் செடி வகைகளில், வீட்டு முன்னால் அழகுக்கு வைக்கும் செடிகளும் இப்படித்தான். பிராணிக்கு எட்டாத இடத்தில் வைப்போம்.

உருளைக்கிழங்கில் பச்சை நிறம் ஏறிய பகுதியும் முளையும் நஞ்சு. இதுவும் வேகவைத்தால் போகாது. பச்சை ஏறாத கிழங்கைத் தோல் நீக்கி அவித்து, உப்பும் மசாலாவும் சேர்க்காமல், நாய்க்குக் கொஞ்சம் கொடுக்கலாம். முயலுக்கு வேண்டாம்.

நாய் வளர்ப்போர் கட்டாயம் அறியவேண்டியது ஒன்று உண்டு. வெங்காயம் வேர்க்கிழங்கு அல்ல என்றாலும் மண்ணுக்கடியில் விளைவதுதான். நாய்க்கும் பூனைக்கும் அது ஆகவே ஆகாது. நாயின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வெங்காயம் உள்ளே போனால், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை உண்டாகும். 10 கிலோ நாய்க்கு 150 கிராம், அதாவது இரண்டு நடுத்தர வெங்காயம். பூனைக்கோ கிலோவுக்கு 5 கிராமே கெடுதல். வதக்கினாலும் வேகவைத்தாலும் அதன் கெடுதல் மாறாது. பூண்டும் அதே இனந்தான். ஆகையால் நாய்க்குக் கிழங்கு வேண்டுமென்றால், குழம்பிலிருந்து பொறுக்கிப் போடாமல், வெறுமனே அவித்துத் தனியாக எடுத்து வைப்போம்.

முயலுக்குக் கேரட் மிகவும் பிடிக்கும் என்று படப்புத்தகம் பார்த்த பிள்ளைகள் சொல்வார்கள். பிடிக்கும், ஆனால் அது பலகாரம், சாப்பாடு அல்ல. முயலுக்கு எப்போதும் புல்தான் உணவு. கேரட் ஒரு சிறு துண்டு போதும். மாவுச்சத்து மிகுந்த கிழங்குகள் வயிற்றோட்டத்தை உண்டாக்கும். கோழிக்கு அவித்த மரவள்ளி கொடுக்கலாம். ஆனால் அதில் மாவு உண்டே தவிரப் புரதம் மிகக் குறைவு. நெத்திலித் தலையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் முட்டை எதிர்பார்க்கலாம்.

காட்டோரம் வசிப்போருக்கு ஓர் எச்சரிக்கை. முள் கொடியில், மூன்று மூன்று இலையாகப் படரும் காடோங் என்ற காட்டு வள்ளிக்கிழங்கு உண்டு. அது நரம்புகளைத் தாக்கும். பேராக்கின் ஓராங் அஸ்லி மக்கள் அதை மெல்லிய வில்லைகளாகச் சீவி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு நஞ்சு நீக்கி உண்ணும் முறையை அறிந்தவர்கள். அந்த முறை தெரியாத நாம், கிடைத்ததே என்று தோண்டி எடுத்துப் பிராணிக்குப் போடாதிருப்போம்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஆடு தழையைத் தின்றுவிட்டால்? கால் மணி நேரத்திலேயே குறிகள் தெரியலாம். வேகமாக மூச்சு வாங்கும், எச்சில் வடியும், தள்ளாடும், விழுந்து உதறும். உடனே தீனியை அப்புறப்படுத்தி, காற்றோட்டமான இடத்தில் ஆட்டைக் கிடத்தி, கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். இந்த நஞ்சுக்கு மாற்று ஊசி மருந்து உண்டு. ஆனால் நேரந்தான் குறைவு. தள்ளாடும் ஆட்டின் வாயைப் பிளந்து எண்ணெயோ பாலோ ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கினால், நஞ்சுக்குத் தப்பிய ஆடும் மூச்சடைத்துச் சாகும். செத்துப்போனதை அறுத்து உண்ணவும் கூடாது, நாய்க்குப் போடவும் கூடாது. மிஞ்சிய தழையில் கொஞ்சம் எடுத்து வைத்து, கால்நடை இலாகா அலுவலரிடம் காட்டினால் காரணம் தெரியும். காரணம் தெரிந்தால் அடுத்த வீட்டார்மேல் வீண்பழி வராது. அடுத்த ஆடும் பிழைக்கும்.

நேயர்களே, இவ்வளவையும் நினைவில் வைப்பது கடினம் என்றால் மூன்றை மட்டும் வைத்துக்கொள்வோம். ஒன்று, பச்சை மரவள்ளித் தோலும் தழையும் கொட்டகைக்குப் போகக்கூடாது. இரண்டு, கிழங்கு அவித்த நீர் கழுநீரில் சேரக்கூடாது. மூன்று, அழுகியதும் முளைத்ததும் கருத்ததும் எந்த உயிருக்கும் உணவல்ல. வீட்டில் வாளியைத் தூக்கிச் செல்வது பெரும்பாலும் பிள்ளைகள்தாம். ஆகவே இன்று கேட்டதை முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடுவோம். நம் வாய்க்குப் போகுமுன் கிழங்குக்குச் செய்யும் பக்குவத்தை, வாய் பேசத் தெரியாத அந்த உயிருக்கும் செய்வோம்.